அண்டாவுக்குள் அறுபத்துமூன்று போன்

ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு அண்டா அலற ஆரம்பித்தது.

முதலில் உள்ளே ஒரு கோழி கூவியது. அப்புறம் ஒரு குழந்தை சிரித்தது. அதன் மேல் ஒரு நாதஸ்வரம், அதன் மேல் ஒரு போலீஸ் சைரன், எல்லாவற்றுக்கும் மேலே எவனோ தன் சொந்தக் குரலில் பதிந்து வைத்திருந்த “டேய், போனை எடுடா” என்ற அதட்டல். அலுமினிய அண்டா ஆனதால் உள்ளே ஒன்று அதிர்ந்தால் வெளியே ஒன்பதாகக் கேட்டது. மூடி தன்பாட்டுக்குத் தாளம் போட்டது.

துணை வார்டன் அன்பரசு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்திருந்தான். மெஸ் சமையல்காரி மங்கலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“சார், இது சாம்பார் அண்டா. காலையில நான் இதுலதான் சாம்பார் வைக்கணும்.”

“பத்து நாளைக்குப் பொறுத்துக்குங்க அக்கா. என் வாழ்க்கையே இப்ப இந்த அண்டாவுலதான் இருக்குது.”

அன்பரசு எதையும் மிகைப்படுத்திச் சொல்கிறவன் இல்லை. உண்மையாகவே அவன் வாழ்க்கை அதற்குள்தான் கிடந்தது.

இது 2009 ஆவணி மாதத்துக் கதை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், புதுச்சத்திரம் தாண்டி ஒரு தனியார் பாலிடெக்னிக். அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பையன்கள் அறுபத்துமூன்று பேர். ‘நாயன்மார் கணக்கு சரியா இருக்குது, பக்திதான் இல்ல’ என்று மங்கலம் சொல்லுவாள். அன்பரசு அங்கே மெக்கானிக்கல் பாடம் எடுத்துக்கொண்டு, துணை வார்டனாகவும் இருந்தான். மூன்று வருஷமாகத் தற்காலிகம். கடலூரில் ஜெயராணி என்று ஒரு டீச்சர் பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணுக்கு இவனைப் பிடித்துவிட்டது, இவனுக்குப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும், மாப்பிள்ளையின் வேலை நிரந்தரம் என்று எழுதிய காகிதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தட்டு மாற்ற மனசு வருமாம். ஐப்பசிக்குள் காகிதம் வராவிட்டால் நெய்வேலியில் வேறு ஒரு ஜாதகம் தயாராக இருப்பதாகவும் தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் தாளாளர் லோகநாயகி அம்மாள். போன வாரம் அவர் யாரிடமும் சொல்லாமல் மெஸ்ஸுக்குள் வந்து நின்றார். அறுபத்துமூன்று பேரும் வலது கையால் சோறு பிசைந்துகொண்டு இடது கையால் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன்கூட எழுந்திருக்கவில்லை. வந்தது யாரென்று பார்த்தால்தானே எழுந்திருப்பதற்கு? அம்மாள் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். ஆறாவது நிமிஷம் ஒருவன் தலையைத் தூக்காமலே தட்டை அவர் பக்கம் நீட்டி, “அக்கா, ரசம்” என்றான்.

அம்மாள் ரசம் ஊற்றவில்லை. நேராக ஆபீசுக்குப் போய் அன்பரசைக் கூப்பிட்டார்.

“என்னா அன்பரசு, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டேங்கறான். பத்து நாள் டைம் தரேன். வர்ற புதன் விட்டு அடுத்த புதன்கிழமை சாயந்தரம் வருவேன். பசங்க போனை வச்சிட்டு நேருக்கு நேர் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கணும். இருந்தாங்கன்னா உன் ஃபைல்ல கையெழுத்துப் போடறேன். இல்லன்னா வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்.”

வேறு ஏற்பாடு ஃபைலுக்கா தனக்கா என்று கேட்கிற தைரியம் அன்பரசுக்கு வரவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் ‘போன் ஓய்வு நேரம்’. தினமும் ஏழிலிருந்து எட்டு வரை. போன்கள் எல்லாம் அண்டாவுக்குள். பையன்கள் எதிரெதிர் பெஞ்சில். முதல் நாள், திங்கட்கிழமை, பையன்கள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி அசையாமல் இருந்தார்கள். இருபது நிமிஷத்துக்கு அண்டாதான் பேசியது, ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எதிரில் இருந்தவனிடம் நீ எந்த ஊர் என்று கேட்டான். எதிரில் இருந்தவன், ஒன்றரை வருஷமாக உன் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறேன் என்று பதில் சொன்னான். அதோடு அன்றைய பேச்சு தீர்ந்தது.

எட்டு மணிக்கு மூடியைத் திறந்து போனைக் கொடுத்தபோது ஒவ்வொன்றிலும் பத்து, பதினைந்து மிஸ்டு கால். பையன்கள் முகம் வெளிறிப் போனது.

இந்தப் பக்கத்து மிஸ்டு கால் ஏற்பாடு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏழேகாலுக்கு அம்மா ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். பையன் திருப்பி ஒன்று கொடுப்பான். சாப்பிட்டேன் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் காசு செலவில்லை, இரண்டு பேருக்கும் நிம்மதி. பையனிடமிருந்து திரும்பி வராவிட்டால் அம்மா இன்னொன்று கொடுப்பாள். அதற்கும் வராவிட்டால் அப்பாவிடம் சொல்லுவாள். அப்பா கொடுத்தும் வராவிட்டால், மறுநாள் முதல் பஸ். அன்பரசுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தன் அம்மாவுக்கு அவனே தினமும் ஒன்று கொடுக்கிறவன்தான். அறுபத்துமூன்று பேருக்கும் அம்மா இருப்பார்கள் என்பதுதான் திட்டம் போடும்போது தோன்றவில்லை.

எட்டு மணிக்கு மேல் பையன்கள் வீட்டைக் கூப்பிட்டு, வார்டன் போனை வாங்கி வைத்துவிட்டார் என்று உண்மையைச் சொன்னார்கள். சும்மா யாராவது போனைப் பிடுங்குவார்களா? நீ என்ன தப்புப் பண்ணினாய் என்று அம்மாக்கள் அங்கே அழ ஆரம்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கேட்டில் நான்கு பேர் நின்றார்கள். முதல் ஆள் கடலூர் முதுநகரில் பால்வாடி டீச்சராக இருக்கிற சவரியம்மாள். கையில் ஒரு பெரிய தூக்கு. மகன் அறிவுமதி வாயில் பிரஷ்ஷோடு லுங்கியில் வந்து நின்றதும், அவனைத் தலை, கை, முதுகு என்று தடவிப் பார்த்து எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

“தம்பி, எம்புள்ள நல்லாதான இருக்கறான்? அப்பறம் ஏன் ஒரு மிஸ்டு கால் குடுக்க முடியல?”

அன்பரசு தாளாளர் சொன்னதில் ஆரம்பித்து நேருக்கு நேர் பேசுவதால் வரும் நன்மைகள் வரை விளக்கினான். சவரியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தூக்கைத் திறந்தாள். மகன் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் சரி, ஸ்டேஷனில் இருந்தாலும் சரி, வெறுங்கையோடு எப்படி வருவது என்று விடிகாலையிலேயே நண்டுக் குழம்பு வைத்து எடுத்து வந்திருந்தாள். அன்று மெஸ்ஸில் இட்லிக்கு சாம்பாரை யாரும் தொடவில்லை. கூட வந்த மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஏதோ கொண்டு வந்திருந்தார்கள், அன்பரசு அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

அன்று சாயங்காலம் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். போன் அடித்தால் தானே எடுத்துப் பேசி, பெற்றோருக்கு நிலைமையைப் பக்குவமாகச் சொல்லிவிடுவது. அண்டாவுக்குள் கையை விட்டு, அலறுகிற போனைத் தேடி எடுத்து, காதில் வைத்துச் சொன்னான்.

“வணக்கம்ங்க. ஹாஸ்டல் வார்டன் பேசறேன். பையன் நல்லா இருக்கறான், பதற வேணாம்.”

பையன் போனில் வார்டன் குரல். எடுத்த எடுப்பில் ‘பதற வேணாம்.’ எந்த அம்மா பதறாமல் இருப்பாள்? பாதிப் பேர் மீதியைக் கேட்கவே இல்லை. ஒரு அம்மாள், பையனுக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதை மட்டும் சொல்லச் சொன்னாள். இன்னொரு வீட்டில் யாரோ தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது, அதற்கப்புறம் அக்கம்பக்கத்தார் குரல் கேட்டது.

புதன்கிழமை காலை பதினொரு பேர். அதில் கம்மாபுரத்துக்காரர் ஒருவர் வேன் வைத்துக்கொண்டு வந்தார். வேனில் கவுன்சிலர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், சும்மா வந்தவர்கள் எட்டுப் பேர். அவருடைய பையன் சித்தார்த் குளித்து, விபூதி வைத்து, புத்தகத்தோடு வந்து நின்றதும் வேனில் வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது. போகும்போது வழிக்கென்று கட்டி வந்த புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் இரண்டு குண்டானாக மெஸ்ஸிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

இனி பேசவே கூடாது என்று அன்பரசு முடிவு செய்தான். பையன் கொடுக்க வேண்டிய மிஸ்டு காலைத் தானே கொடுத்துவிட்டால் தீர்ந்தது. புதன்கிழமை ஏழிலிருந்து எட்டு வரை அறுபத்துமூன்று போனிலிருந்தும் வீட்டுக்கு ஒவ்வொரு மிஸ்டு கால் கொடுத்தான். ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு விதமான பூட்டு. சைனா செட்டு ஒன்று அழுத்தினதுமே டார்ச்சைப் போட்டது. எட்டு மணிக்கு அவன் கட்டைவிரல் வீங்கிப் போயிருந்தாலும் மனசு லேசாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு பேர்.

அதில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த மளிகைக்கடை பஞ்சநாதம்தான் ரொம்பக் கோபமாக இருந்தார். மகன் ராஜாமணி பக்கத்தில் நல்ல பிள்ளையாகக் கை கட்டி நின்றான்.

“ஒரு மிஸ்டு கால்தானங்க குடுத்தேன்? நல்லா இருக்கான்னுதான அர்த்தம்?” என்றான் அன்பரசு.

“யாரு வூட்டு அர்த்தம் சார் அது? எங்க வூட்ல மூணு வந்தாதான் நல்லா இருக்கறான்னு. ஒண்ணோட நின்னுச்சின்னா மத்த ரெண்டைக் குடுக்கத் தெம்பில்லாம கெடக்கறான்னு அர்த்தம்.”

விசாரித்ததில் வீட்டுக்கு வீடு வேறு வேறு ஏற்பாடு இருந்தது. சித்தார்த் வீட்டில் ஒன்று என்றால் நலம், இரண்டு என்றால் டாப்-அப் போடு, மூன்று என்றால் கிளம்பி வா. இன்னொரு வீட்டில் இரண்டுதான் நலம், ஒன்று என்றால் காய்ச்சல். அன்பரசு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பஞ்சநாதம் கொண்டு வந்த கொழுக்கட்டைத் தூக்கை மகனிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் தாளாளர் அம்மாவையே பார்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

நெய்வேலி ஜாதகம் அன்பரசின் கண் முன்னால் வந்து போனது. அந்த மாப்பிள்ளைக்கு மீசை இருக்குமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது சித்தார்த் கதவருகில் வந்து நின்றான். மாணவர் தலைவன். எப்போதும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பான்.

“சார், நாங்களே ஒரு நோட்டு போட்டுத் தந்துடறோம் சார். அவங்கவங்க வீட்டுக்கு எத்தினி மிஸ்டு கால் குடுத்தா நல்லா இருக்கோம்னு அர்த்தம்னு அவங்கவங்களே எழுதிடுவாங்க. நீங்க பாத்து அத்தினி குடுத்தா போதும்.”

அன்பரசு எழுந்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். தனக்காக ஒரு மாணவன் இவ்வளவு யோசிப்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. உடனே ஒரு நீளமான நோட்டு வாங்கி, தவறு வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று அதில் பென்சிலைக் கயிற்றில் கட்டி, மெஸ் ஜன்னல் பலகையில் வைத்தான். பையன்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். மெஸ்ஸில் தட்டுக்குக்கூட வரிசையில் நிற்காத பையன்கள்.

நோட்டைப் படிக்கவே ஒரு தனிப் படிப்பு வேண்டியிருந்தது. ‘சித்தார்த்: ஒன்று. ராஜாமணி: மூன்று.’ இதெல்லாம் பரவாயில்லை. ‘செவ்வாய், வெள்ளி அப்பாவிடம் போன் இருக்கும், மூன்று. மற்ற நாள் அம்மா, இரண்டோடு நிறுத்தவும்’ என்று ஒருவன். ‘ஒன்று கொடுத்து, பத்து எண்ணிவிட்டு இன்னொன்று. சேர்த்துக் கொடுத்தால் கேபிள்காரன் என்று நினைத்து அணைத்துவிடுவார்கள்’ என்று இன்னொருவன். அன்பரசு ஒவ்வொரு சாயங்காலமும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோட்டைத் தொடையில் வைத்து, வாய்விட்டு எண்ணி எண்ணிக் கொடுத்தான். இந்தப் பழக்கம் கையில் ஊறிப்போய், சனிக்கிழமை ஜெயராணியைக் கூப்பிட்டபோதும் இரண்டு முறை மணி அடித்ததும் துண்டித்துவிட்டான். அதற்கு அவள் வீட்டில் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும். ஞாயிறு முழுக்க அவள் போனை எடுக்கவில்லை.

நோட்டு வந்தபின் ஒரு அதிசயம் நடந்தது. பையன்கள் பேச ஆரம்பித்தார்கள். சும்மா பேச்சு இல்லை. தலையோடு தலை முட்டுகிற மாதிரி நெருங்கி உட்கார்ந்து, கையை ஆட்டி, மேஜையைத் தட்டி, ஒருவன் சொல்வதை இன்னொருவன் மறுத்து, மூன்றாவது ஆள் சமாதானம் பண்ணி, சிலர் காகிதத்தில் குறிப்பு வேறு எடுத்தார்கள். முதல் வருஷப் பையன்களும் மூன்றாம் வருஷத்தாரும் ஒரே பெஞ்சில். எட்டு மணி அடித்து அண்டாவைத் திறந்தால்கூட, இன்னும் பத்து நிமிஷம் சார் என்று கேட்டார்கள். அன்பரசு பக்கத்தில் போனால் மட்டும் மரியாதையாக எழுந்து நின்று பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டு அவனும் தள்ளியே நின்றான். இப்படி ஒரு காட்சியைப் பார்க்கத்தானே பாடுபட்டான். அவனுக்கு அழுகையே வந்தது.

வராதது ஒன்றுதான், நிம்மதி. நோட்டைப் பார்த்துத்தான் கொடுத்தான், எண்ணித்தான் கொடுத்தான், அப்படியும் தினமும் நான்கு பேர், ஐந்து பேர் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து. சனிக்கிழமை நான்கு. ஞாயிறு சவரியம்மாள் மறுபடியும். ரெண்டு வந்துச்சே தம்பி என்றாள் அவள். நோட்டில் இரண்டு என்றுதான் இருந்தது. அறிவுமதி தலையைச் சொறிந்துகொண்டு, ரெண்டுன்னா நல்லா இருக்கேன்னு போன மாசம்தான் சார் இருந்தது, அம்மா மாத்திட்டாங்க போலிருக்கு, திருத்திடறேன் என்று ஓடிப்போய்ப் பென்சிலை எடுத்தான். இப்படி ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பேர் பொறுப்பாக வந்து திருத்தினார்கள். பெற்றோர்கள் அடிக்கடி ஏற்பாட்டை மாற்றுகிறார்கள் என்று அன்பரசு வருத்தப்பட்டான். ஒருவேளை தன் கட்டைவிரல்தான் ஒன்றை இரண்டாக அழுத்துகிறதோ என்றும் சந்தேகப்பட்டு, இடது கைக்கு மாறினான்.

வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று அடித்துப் பிடித்து வருகிறவர்களுக்கு, இவ்வளவு பதறிக்கொண்டு எப்படிக் குழம்பு வைக்க முடிகிறது என்பது அன்பரசுக்குப் புரியவே இல்லை. பையன்கள் மட்டும் அவனை மறக்காமல் தினமும் ஒரு வாழையிலையில் அவன் பங்கைக் கொண்டு வந்து வைத்தார்கள். அவன் குற்ற உணர்ச்சியோடுதான் சாப்பிட்டான், ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை பஞ்சநாதம் மூன்றாம் முறையாக வந்தார்.

“சார், நான் கடைய மூடிட்டு மூணு தடவ வந்துட்டேன். புதன்கெழமை தாளாளர் அம்மா வராங்களாமே? அன்னிக்கு நானே வந்து அவங்ககிட்ட நேருக்கு நேரா பேசிக்கறேன்.”

போனது வேலை என்று அன்பரசு முடிவு கட்டிவிட்டான். ஆனாலும் கடைசி முயற்சியாகச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நோட்டை மூன்று முறை சரி பார்த்தான். ஒவ்வொரு பையனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்கு இத்தனைதானே என்று கேட்டான். ஒவ்வொருவனும் கண்ணைப் பார்த்து, ஆமா சார் என்றான். சித்தார்த் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னான். மங்கலத்தை மூடியைப் பிடிக்க வைத்து, ஒரு போன் விடாமல், ஒரு மிஸ்டு கால் கூடாமல் குறையாமல் கொடுத்து முடித்தான். நாளைக்கு ஒரே ஒரு பெற்றோர்கூட வரக்கூடாது என்று தில்லை நடராசரை வேண்டிக்கொண்டான். வேளாங்கண்ணி மாதாவும் இதே கடற்கரைப் பக்கம்தான் என்பதால் அவளையும் வேண்டிக்கொண்டான்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கடலூர் பஸ்ஸிலிருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். ஒரு மணிக்குச் சிதம்பரம் பக்கத்திலிருந்து பன்னிரண்டு பேர். மூன்று மணிக்குக் கம்மாபுரம் வேன். நான்கு மணிக்கு எண்ணுவதை அன்பரசு நிறுத்திவிட்டான். மெஸ் வாசலில் தூக்கு, டிபன் கேரியர், குண்டான், துணி கட்டிய கூடை என்று கல்யாண வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி நிரம்பிக் கிடந்தது. வந்தவர்களை உட்கார வைக்கவும் சமாதானம் சொல்லவும் பையன்களே போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவசரமாக ஒன்றும் திரும்ப வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எல்லோரும் அவரவர் அம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஐந்தரை மணிக்குப் பஞ்சநாதமும் வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் புகார் மனு எட்டிப் பார்த்தது.

ஏழேகாலுக்கு லோகநாயகி அம்மாளின் கார் வந்தது. அன்பரசு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனான். கால் மெஸ் வாசப்படியில் தடுக்கியது.

அம்மாள் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார்.

ஒரு கையிலும் போன் இல்லை. எதிரெதிர் பெஞ்சில் ஒரு பக்கம் பையன்கள், ஒரு பக்கம் பெற்றோர்கள். ஒருத்தி மகனுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு அப்பா கருவாட்டுத் தொக்கு எப்படி இருக்கிறது என்று மகனின் நண்பனை விசாரித்துக்கொண்டிருந்தார். முதுநகர் சவரியம்மாள் கம்மாபுரத்துக் கவுன்சிலருக்கு நண்டு உடைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நூறு பேர் பேசுகிற சத்தத்தில் அம்மாள் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

லோகநாயகி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய ஒரே மகன் துபாயில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் நாலு வார்த்தை பேசுவதோடு சரி. அம்மாவும் பிள்ளையும் இப்படி உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்த்தே ரொம்ப நாளாயிற்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பஞ்சநாதத்தைப் பார்த்து, ஹாஸ்டலைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

அன்பரசின் கண் மனு இருந்த சட்டைப் பைக்குப் போனது. ஆனால் பஞ்சநாதம் அப்போதுதான் நண்டுக் காலை வாயில் போட்டிருந்தார். கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சொல்கிறேன், இருங்கள் என்பதற்குப் பலமாகத் தலையை ஆட்டி, கையைத் தூக்கிக் காட்டினார். அம்மாள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நகர்ந்தார். ஓடு நொறுங்கி வாய் காலியான நேரத்தில் ராஜாமணி அப்பாவின் இலையில் இன்னொரு நண்டை வைத்தான். மனு சட்டைப் பையிலேயே எண்ணெய் படிந்து கிடந்தது.

“அன்பரசு, பசங்களைப் பேசத்தான் சொன்னேன். நீ பெத்தவங்களையும் கூட்டியாந்து உக்கார வச்சிட்ட. இந்த மாதிரி ஆளைப் போய் மூணு வருஷம் டெம்பரரியா வச்சிருந்தோமே.” அம்மாள் அங்கேயே, மெஸ் மேஜையில் வைத்தே ஃபைலில் கையெழுத்துப் போட்டார். “நீ ரிட்டயர் ஆவற வரைக்கும் இந்த ஏழு மணி ஏற்பாடு நிக்கக் கூடாது. இனி எப்பவும் நீதான் இதுக்குப் பொறுப்பு.”

கையெழுத்துக்குக் கீழே ஒரு சொட்டு நண்டுக் குழம்பு விழுந்திருந்தது. அன்பரசு அதைத் துடைக்கக்கூட இல்லை. நிரந்தரம் என்ற வார்த்தையை நான்கு முறை படித்தான்.

எட்டரை மணிக்குக் கூட்டம் கலைந்து, வேனும் போய், கடைசி பஸ்ஸுக்கு எல்லோரையும் ஏற்றிவிட்டபின், அவன் சமையல்கட்டுப் பின்வாசலில் நின்று ஜெயராணியின் அப்பாவைக் கூப்பிட்டான். இந்த முறை துண்டிக்காமல் பேசினான். அவர் ஐப்பசியில் இரண்டாவது முகூர்த்தம் வசதிப்படுமா என்று கேட்டார். அவன் முதல் முகூர்த்தமே வசதிப்படும் என்றான். பின்னால் ஜெயராணி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது.

உள்ளே வந்தான். மங்கலம் காலியான தூக்குகளையும் குண்டான்களையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவள் பாதி அரிசிதான் போடுகிறாள், ஒரு வாரமாகச் சிடுசிடுப்பும் இல்லை. மெஸ் மூலையில் சித்தார்த்தும் இன்னும் பத்து இருபது பேரும், எட்டு மணி தாண்டியும் போனை வாங்காமல், ஜன்னல் பலகையைச் சுற்றித் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்பரசு அந்தக் காட்சியை ஆசை தீரப் பார்த்தான். இனி இருபத்தாறு வருஷத்துக்கு இது அவன் பொறுப்பு.

“பாத்தீங்களா அக்கா. ஒருத்தன் பேரு ஒருத்தனுக்குத் தெரியாம இருந்த பசங்க. இப்ப போனைக் கையில குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்கறானுங்க. அப்படி மனசு விட்டு என்னாதான் பேசுவானுங்க?”

மங்கலம் கடைசித் தூக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“நாளைக்கு என்னா கொழம்பு வேணும், அதுக்கு எவன் வூட்டு அம்மா வரணும்னு பேசி முடிவு பண்ணி, அந்த வூட்டுக்கு ‘கெளம்பி வா’ன்னு எத்தினி மிஸ்டு காலோ அதை உங்க நோட்டுல ‘நல்லா இருக்கேன்’னு மாத்தி எழுதறானுங்க சார்.”